டபோலிம்: கடற்படை ஓடுபாதையில் இறங்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோயம்புத்தூரில் ஒரு வாடகை விமான நிறுவனத்தில் டிஸ்பாட்சராக வேலை பார்க்கிறேன். வானிலை பார்ப்பது, எரிபொருள் கணக்குப் போடுவது, அனுமதிகள் வாங்குவது, எல்லாவற்றையும் ஒரு கோப்பாக்கி விமானியின் கையில் கொடுப்பது என் பொறுப்பு. எங்களிடம் விமானம் கேட்பவர்கள் அதிகம் சொல்லும் ஊர் கோவா. அங்கே டபோலிமுக்குப் போகும் புது விமானிகளும், பயிற்சிப் பள்ளி மாணவர்களும், சில நேரம் பயணிகளும் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். நேரங்களும் விதிகளும் மாறக்கூடியவை. புறப்படும் நாளின் நோட்டாம், அதாவது விமானிகளுக்கான அதிகாரபூர்வ அறிவிப்பு, சொல்வதே கடைசி வார்த்தை.

டபோலிம் யாருடைய விமான நிலையம்?

இந்தியக் கடற்படையுடையது. அதன் பெயர் ஐ.என்.எஸ். ஹன்சா. ஓடுபாதை, டவர், ரேடார் எல்லாம் கடற்படையின் கையில். நாம் டிக்கெட் வாங்கி நுழைகிற முனையக் கட்டடமும் அதை ஒட்டிய விமான நிறுத்துமிடமும் மட்டும் விமான நிலைய ஆணையத்திடம் இருக்கின்றன. மொத்தம் சுமார் 1,700 ஏக்கரில் அது ஒரு சிறு துண்டு. முனையத்துக்கு உள்ளே சி.ஐ.எஸ்.எஃப். காவல், வேலிக்கு அந்தப் பக்கம் கடற்படைக் காவல். விசாகப்பட்டினமும் அந்தமானும் இதே மாதிரிதான் நடந்து வந்திருக்கின்றன. இந்த வீட்டில் நாம் விருந்தாளி என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் சுலபமாகப் புரியும்.

கடற்படைக்கு இது எப்படி வந்தது?

போர்ச்சுகீசியர்கள் கட்டிய நிலையம் இது. இந்தியா கோவாவுக்குப் பொருளாதாரத் தடை விதித்திருந்த காலத்தில் வெளியுலகத்தோடு தொடர்பு வைத்துக்கொள்ள அவர்களுக்கு வான்வழி தேவைப்பட்டது. 1955இல் டபோலிம் திறக்கப்பட்டது. இங்கிருந்து கராச்சிக்கும் டையூ, டாமனுக்கும் விமானங்கள் போயின. 1961 டிசம்பர் 18 காலை நம் விமானப்படையின் 12 கான்பெரா விமானங்கள் வந்து ஓடுபாதையில் குண்டு போட்டன. ஓடுபாதை பள்ளம் பள்ளமாகக் கிடந்தும், அன்று இரவு எஞ்சிய நீளத்திலேயே இரண்டு பெரிய போர்ச்சுகீசிய விமானங்கள் எழும்பிக் கராச்சிக்குத் தப்பின. இருட்டில், குட்டையாகிப்போன பாதையில், சுமையோடு எழும்பிய அந்த விமானிகளின் கணக்கை நினைத்தால் எனக்கு இப்போதும் வியப்பாக இருக்கிறது.

கோவை வாசகர்களுக்கு இன்னொரு செய்தி: ஐ.என்.எஸ். ஹன்சா பிறந்தது நம் சூலூரில். 1961 செப்டம்பர் 5 அன்று அங்கேதான் அதைத் தொடங்கினார்கள். அதே ஆண்டு கடற்படைக்கு வந்த விமானம் தாங்கிக் கப்பலான முதல் விக்ராந்தின் சீ ஹாக் ஜெட் விமானங்களுக்குக் கரையில் ஒரு வீடு வேண்டியிருந்தது. கடலே இல்லாத சூலூர் அதற்குக் கிடைத்தது. கோவா விடுதலையானதும் கடலோரத்திலேயே தயாராக ஒரு ஓடுபாதை அமைந்துவிட்டது. 1964 ஜூனில் ஹன்சா டபோலிமுக்கு இடம் மாறியது.

வார நாட்களில் காலையில் இறங்க முடியாது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். திங்கள் முதல் வெள்ளி வரை காலை 8.30 முதல் பகல் 1 மணி வரை கடற்படையின் பயிற்சி நேரம் என்பது பல ஆண்டுகளாக இருந்துவரும் ஏற்பாடு. அந்த நேரத்தில் பயணிகள் விமானங்களுக்கு இடம் இல்லை. வார இறுதியில் இந்தக் கட்டுப்பாடு இல்லை. அதனால்தான் கோவா விமானங்கள் ஒரு காலத்தில் எல்லாம் மதியத்துக்கு மேல் மொத்தமாக வந்து குவிந்தன.

இதைக் கேட்டுப் பலர் கோபப்படுவதைப் பார்த்திருக்கிறேன். "நாலரை மணி நேரம் ஓடுபாதையைச் சும்மா போட்டு வைப்பதா?" என்று ஒரு வாடிக்கையாளர் என்னிடம் கேட்டார். சும்மா கிடக்கவில்லை. விக்ரமாதித்யா என்ற விமானம் தாங்கிக் கப்பலின் மொத்த நீளம் 284 மீட்டர். டபோலிம் ஓடுபாதையின் நீளம் சுமார் 3,400 மீட்டர். இந்தப் பெரிய பாதையில் இறங்கத் தெரிந்த இளைஞனை அந்தச் சின்னத் தளத்தில், அதுவும் அலையில் ஆடுகிற தளத்தில், இறங்கத் தயார் செய்ய வேண்டும். அந்தத் தயாரிப்பு நடக்கும் இடம் இது.

ஹன்சாவுக்குள்ளேயே கப்பல் மேல்தளத்தைப் போல ஒரு அமைப்பைக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு முனையில் மேல்நோக்கி வளைந்த சாய்தளம், இன்னொரு பகுதியில் விமானத்தின் கொக்கியைப் பிடித்து நிறுத்தும் கம்பி வடங்கள். கடற்படையின் மிக்-29கே போர் விமானங்களை ஓட்டும் விமானிகள் இங்கேதான் பழகுகிறார்கள். தேஜஸின் கடற்படை வடிவம் 2014 டிசம்பரில் முதன்முதலாகச் சாய்தளத்திலிருந்து பறந்ததும், 2019 செப்டம்பர் 13 அன்று முதன்முதலாகக் கம்பியைப் பிடித்து இறங்கியதும் இங்கேதான். அதற்கு நான்கு மாதம் கழித்து, 2020 ஜனவரியில், அது விக்ரமாதித்யாவின் மேலேயே இறங்கியது.

இந்த இறக்கத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. நம் விமானி சக்கரம் தரையைத் தொட்டதும் எஞ்சினைத் தணிப்பார். கப்பல் விமானி தொட்ட அந்தக் கணமே எஞ்சினை முழுவேகத்துக்கு ஏற்றுவார். கொக்கி கம்பியைப் பிடிக்கவில்லை என்றால் அப்படியே மறுபடியும் எழும்ப வேண்டும் அல்லவா? கை அதைத் தானாகச் செய்யும்வரை திரும்பத் திரும்பப் பழக வேண்டும். அப்படி ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் சுற்றி வரும் ஜெட்டுகளுக்கு நடுவில் 180 பேர் உட்கார்ந்திருக்கும் பயணிகள் விமானத்தை நுழைக்க முடியாது. அந்த வாடிக்கையாளரிடம் இதைத்தான் சொன்னேன். அமைதியாகக் கேட்டுக்கொண்டார், மதியம் 1.20க்கு இறங்கும்படி திட்டத்தை மாற்றிக்கொண்டோம்.

நோட்டாமில் 0300 முதல் 0730 வரை என்று இருக்கிறது. 8.30 என்றுதானே சொன்னீர்கள்?

நோட்டாமில் எல்லா நேரமும் உலகப் பொது நேரம். ஐந்தரை மணி நேரம் கூட்டுங்கள்: காலை 8.30, பகல் 1.00. எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் 0730 என்பதைக் காலை ஏழரை என்று படித்து, எட்டு மணிக்குப் பாதை திறந்துவிடும் என்று திட்டம் போட்டுவிட்டார். கேப்டன் கையெழுத்துப் போடும் முன் கவனித்ததால் தப்பித்தோம். அன்றிலிருந்து எங்கள் படிவத்தில் இரண்டு நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுகிறோம்.

சிறிய விமானத்தில் போகிறேன். என்னென்ன அனுமதி வேண்டும்?

மூன்று அடுக்காக யோசியுங்கள்.

முதல் அடுக்கு இந்தியாவில் எங்கே பறந்தாலும் உள்ளது: பயணத் திட்டம், அதற்கு விமான நிலைய ஆணையத்தின் தகவல் மையம் தரும் எஃப்.ஐ.சி. எண், விமானப்படை தரும் வான் பாதுகாப்பு அனுமதி எண். இந்தக் கடைசி எண்ணைத் துறையில் ஏ.டி.சி. எண் என்பார்கள். டவரையும் ஏ.டி.சி. என்றே சொல்வதால் தொலைபேசியில் குழப்பம் வரும். நாங்கள் "டிஃபென்ஸ் நம்பர்" என்று சொல்லிக்கொள்கிறோம். இந்த எண் இல்லாமல் பறந்தால் ரேடாரில் நீங்கள் அடையாளம் தெரியாத விமானம். கடற்கரையை ஒட்டி அப்படித் தெரிவது நல்லதல்ல.

இரண்டாவது அடுக்குதான் டபோலிமுக்கே உரியது. ராணுவ நிலையம் என்பதால் கடற்படையின் முன் அனுமதி வேண்டும். விமானத்தின் பதிவெண், வகை, விமானிகளின் விவரம், பயணிகளின் பெயரும் நாட்டுரிமையும், எதற்காக வருகிறீர்கள், எப்போது போகிறீர்கள் என்று எல்லாம் கேட்பார்கள். நேற்றுக் கேட்டு இன்று போக நினைக்காதீர்கள். வேலை நாட்கள் சிலவற்றைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். கடற்படைப் பயிற்சி, முக்கியப் பிரமுகர் வருகை, ஓடுபாதைப் பராமரிப்பு என்று ஏதாவது இருந்தால் அனுமதி தள்ளிப்போகும். அதில் வாதாட இடம் இல்லை.

மூன்றாவது அடுக்கைப் பலர் மறக்கிறார்கள்: நிறுத்த இடம். பயணிகள் விமானங்களுக்கே இடம் இறுக்கமான ஊர் இது. டிசம்பர் கடைசி வாரத்தில் பயணிகளை இறக்கிவிட்டு விமானத்தை வேறு ஊரில் கொண்டுபோய் நிறுத்தும்படி சொல்வது சாதாரணம். அந்தக் காலிப் பயணத்தின் செலவையும் முதலிலேயே வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுங்கள்.

வெளிநாட்டவர் இருந்தால்?

மறைக்காமல் முதலிலேயே சொல்லுங்கள். வெளிநாட்டுப் பதிவுள்ள விமானம் என்றால் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் தனி அனுமதி எண் வேண்டும். ராணுவ நிலையம் என்பதால் அதற்கு மேல் பாதுகாப்புத் துறையின் ஒப்புதலும் வேண்டும். இந்திய விமானத்தில் வரும் வெளிநாட்டுப் பயணி விஷயத்திலும் விவரம் சரியாக இருக்க வேண்டும். ஒருமுறை ஒரு திருமண ஏற்பாட்டாளர் தந்த பட்டியலில் எல்லோரும் இந்தியர் என்று இருந்தது. கிளம்பும் அன்று காலையில் ஒருவர் வேறு நாட்டுப் பாஸ்போர்ட்டை நீட்டினார். பட்டியலைத் திருத்தி, திரும்ப அனுப்பி, பதில் வரும்வரை மணப்பெண்ணின் பாட்டி உட்பட எட்டுப் பேர் ஹேங்கரில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். முகூர்த்தம் மறுநாள் என்பதால் பிழைத்தோம்.

பயிற்சி மாணவர் தனியாகக் கிராஸ் கன்ட்ரி (ஊர் விட்டு ஊர் பறக்கும் பயிற்சி) போகலாமா?

என்னைக் கேட்டால் வேண்டாம். கண்பார்வை விதிப்படிப் பறப்பவர் சூரியன் மறைந்து 20 நிமிடத்துக்கு மேல் வானில் இருக்கக்கூடாது. டிசம்பரில் ஆறு மணி வாக்கில் பொழுது சாய்ந்துவிடும். வார நாட்களில் காலையும் கிடையாது. மிச்சம் இருக்கும் மதிய நேரத்தில்தான் பயணிகள் விமானங்கள் வரிசை கட்டி நிற்கும். அந்த நெரிசலில் தொண்ணூறு நாட் வேகத்தில் வரும் செஸ்னாவுக்கு டவர் எங்கே இடம் தேடும்? தன்னந்தனியாக வரும் மாணவருக்கு ஹூப்பள்ளி நல்ல ஊர்.

காற்று எந்தப் பக்கம் அடிக்கும்?

ஓடுபாதை 08/26, அதாவது கிட்டத்தட்டக் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. மேற்கே கடல், வடக்கே ஜுவாரி ஆற்றின் முகத்துவாரம், தெற்கே போக்மாலோ கடற்கரை. நிலையம் கடல் மட்டத்தில் இல்லை. 50 மீட்டருக்கு மேல் உயரமான செம்மண் மேட்டின் தலையில் இருக்கிறது.

நவம்பர் முதல் மே வரை நிலக்காற்றும் கடற்காற்றும் மாறி மாறி வீசும். விடியற்காலையில் கிழக்கிலிருந்து மெல்லிய காற்று. பதினொரு மணிக்கு மேல் நிலம் சூடாகி, மேற்கு வடமேற்கிலிருந்து கடற்காற்று எழும். பகல் 1 மணிக்கு மேல் இறங்கப் போகும் உங்களுக்குப் பெரும்பாலும் 26தான் கிடைக்கும்: தரைப்பக்கமிருந்து வந்து கடலைப் பார்த்து இறங்குவீர்கள். காற்று நேரே முகத்தில் வராமல் சற்று வலப்பக்கமிருந்து வரும். மேட்டின் விளிம்பைத் தாண்டும்போது விமானத்தைக் கீழே தள்ளும் ஒரு சின்ன அமுக்கம் இருக்கும் என்று எங்கள் கேப்டன்கள் எல்லோரும் சொல்வார்கள். கடைசி இருநூறு அடியில் வேகத்தைக் கண்ணிலிருந்து விடாதீர்கள்.

மழைக்காலத்தில் எப்படி?

ஜூன் முதல் வாரத்தில் தென்மேற்குப் பருவமழை கோவாவைத் தொடும். செப்டம்பர் வரை விடாது. ஆண்டு மழை சுமார் 3,000 மில்லிமீட்டர். சென்னையில் ஓராண்டு பெய்வதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஜூலை உச்சம். மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அரபிக்கடலின் ஈரத்தையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதும். மலைக்குப் போகும் வழியில் முதலில் எதிர்ப்படும் மேடு டபோலிம்.

இங்கே மூன்று விஷயம் தனித்தனியாக வராது, சேர்ந்தே வரும். மேகம் தாழ்ந்து மேட்டையே தொடும். கீழே கடற்கரையில் நின்றால் ஓரளவு தெளிவாக இருக்கும், மேலே ஓடுபாதை வெள்ளைக்குள் இருக்கும். மழைத் திரை கடலிலிருந்து வரிசை வரிசையாக வரும். பத்து நிமிடம் ஒன்றும் தெரியாது, அடுத்த பத்து நிமிடம் ஐந்து கிலோமீட்டர் தெரியும். ஓடுபாதையில் தண்ணீர் நிற்கும்.

ஒரு ஜூலை மாதம் எங்கள் விமானம் ஒன்று 26க்கு வந்தது. இறங்கு கருவியின் கோடுகள் இரண்டும் நடுவில் நின்றன, அதாவது விமானம் சரியான வழியில்தான் இருந்தது. இருநூறு அடியில் ஓடுபாதை விளக்கு தெரிந்தாக வேண்டும். வைப்பர் முழுவேகத்தில் அடித்துக்கொண்டிருந்தது, கண்ணாடியில் தண்ணீர் பக்கவாட்டில் ஓடியது, விளக்கு இல்லை. கேப்டன் "கோ அரவுண்ட்" என்று சொல்லி மேலே ஏறிவிட்டார். கடலுக்கு மேல் பன்னிரண்டு நிமிடம் சுற்றினார்கள். அந்தத் திரை கரைக்குப் போனதும் இரண்டாம் முறை வந்து இறங்கினார்கள். "முதல் தடவை இன்னும் ஐம்பது அடி இறங்கிப் பார்த்திருக்கலாமே" என்று பின்னால் இருந்த பயணி கேட்டாராம். கேப்டன் பதில் சொல்லாமல் சிரித்துவிட்டு வந்தார். அந்த ஐம்பது அடிக்கு நான் பதில் சொல்கிறேன்: அங்கே மேட்டின் விளிம்பு இருக்கிறது.

பின்காற்றோடு இறங்கும் ஆசையையும் விடுங்கள். திசை மாற்றிச் சுற்றி வர ஐந்து நிமிடம் ஆகும் என்று சோம்பிப் பின்காற்றை ஏற்றுக்கொண்டால், ஈர ஓடுபாதையில் பிரேக் பிடிக்கும் தூரம் எங்கேயோ போய்விடும். 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் மழையில், பின்காற்றில், பாதையின் பாதி வழியில் தொட்ட விமானம் மேட்டின் விளிம்பைத் தாண்டி விழுந்தது. 21 பேர் இறந்தார்கள். டபோலிமின் பாதை அதைவிட நீளம்தான், ஆனால் தண்ணீருக்கு அது தெரியாது.

மே கடைசியும் அக்டோபரும் வேறு வகை. மாலையில் மலைப்பக்கம் இடிமேகம் கட்டி மேற்கே நகரும். 2021 மே நடுவில் டவ்தே புயல் கோவாவை ஒட்டிப் போனதும் இந்தப் பருவத்தில்தான்.

மாற்று நிலையமாக மோபா போதுமா?

வடகோவாவின் மோபாவில் மனோகர் பன்னாட்டு விமான நிலையம் 2023 ஜனவரியிலிருந்து இயங்குகிறது. ராணுவ நேரக் கட்டுப்பாடு இல்லை. டபோலிம் ஓடுபாதையில் ஏதோ நடந்து பாதை மூடப்பட்டால் மோபா நல்ல மாற்று. 2018 ஜனவரி 3 அன்று ஒரு மிக்-29கே ஓடுபாதையை விட்டு விலகித் தீப்பிடித்தபோது இப்படி ஒரு வசதி கோவாவில் இல்லை.

வானிலைக்கு மட்டும் மோபாவை நம்பாதீர்கள். இரண்டும் ஒரே கடற்கரையில், இரண்டும் மேட்டின் மேல். டபோலிமை மூடும் மழைத் திரைதான் மோபாவையும் மூடும். பெலகாவி பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் மலைக்கு மேலே 750 மீட்டருக்கும் அதிக உயரத்தில் அதே மேகத்துக்குள் இருக்கும். மங்களூர் இன்னொரு மேட்டு ஓடுபாதை. ஜூன் முதல் செப்டம்பர் வரை நான் போடும் மாற்று நிலையம் பெங்களூரு அல்லது ஹைதராபாத். மலைக்கு அப்பால், மழை நிழலில் இருப்பவை. அதற்கு எரிபொருள் கூடுதலாக வேண்டும், அதனால் ஒரு பயணியைக் குறைக்க வேண்டியும் வரும். குறைக்கிறேன்.

பறவைகள் தொந்தரவு உண்டா?

உண்டு. கடற்கரை, மீன், குப்பை மூன்றும் பக்கத்தில் இருந்தால் பருந்து வரும். 2019 நவம்பர் 16 அன்று ஹன்சாவிலிருந்து எழும்பிய மிக்-29கே பயிற்சி விமானம் பறவைக் கூட்டத்தில் சிக்கியது. இடது எஞ்சின் அணைந்தது, வலது எஞ்சின் தீப்பிடித்தது. ஊர் இல்லாத பக்கம் விமானத்தைத் திருப்பிவிட்டு விமானிகள் இருவரும் குதித்துத் தப்பினார்கள். இரட்டை எஞ்சின் இருக்கிறது என்ற தைரியம் பறவைக் கூட்டத்தின் முன்னால் செல்லாது. டவர் பறவை எச்சரிக்கை சொன்னால், எழும்பும் முன் இரண்டு நிமிடம் காத்திருப்பதில் எந்த வெட்கமும் இல்லை.

கடற்படை டவரோடு பேசுவது வேறு மாதிரி இருக்குமா?

சொற்கள் அதே சொற்கள்தான். அவர்களுக்கு ஒரே நேரத்தில் ஜெட், டோர்னியர், ஹெலிகாப்டர், நீண்ட தூரக் கண்காணிப்புக்குப் போகும் பி-8ஐ என்று வெவ்வேறு வேகத்தில் ஆட்கள் இருப்பார்கள். அதனால் உங்களைக் கடலுக்கு மேல் காத்திருக்கச் சொல்வார்கள், காரணம் சொல்ல மாட்டார்கள். திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். எவ்வளவு நேரம் காத்திருக்க எரிபொருள் இருக்கிறது என்பதை நிமிடக் கணக்கில் தெளிவாகச் சொல்லுங்கள். அவர்களுக்கு உண்மையிலேயே உதவும் தகவல் அதுதான். அவசரம் என்றால் தயங்காமல் அவசரம் என்றே அறிவியுங்கள். பயிற்சி நேரமாக இருந்தாலும் பாதையைக் காலி செய்துகொடுப்பார்கள்.

இறங்கும்போது படம் எடுக்கலாமா?

கூடாது. விமான நிலையத்தையும் பறக்கும் விமானத்திலிருந்தும் அனுமதியின்றிப் படம் எடுப்பதை 1937ஆம் ஆண்டு விமான விதிகளே தடுக்கின்றன. ராணுவ நிலையத்தில் அதைக் கண்டிப்பாகப் பார்ப்பார்கள். உங்கள் பயணிகளிடம் கதவு மூடும் முன்பே சொல்லிவிடுங்கள். இறங்கிய பிறகு அவர்கள் போனைக் காவலர் வாங்கிப் பார்க்கும் நிலை வேண்டாம். ட்ரோன் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். வாஸ்கோ, போக்மாலோ பக்கம் முழுவதும் சிவப்பு மண்டலம்.

பயிற்சி ஜெட்டுகளை எங்கிருந்தாவது பார்க்க முடியுமா?

உள்ளே போய்ப் பார்க்க வழியில்லை. ஆனால் போக்மாலோ சாலையில் கடற்படை விமான அருங்காட்சியகம் 1998 முதல் இருக்கிறது. திறந்தவெளியில் சூப்பர் கான்ஸ்டலேஷன் என்ற பழைய பெரிய விமானம் ஒன்று நிற்கிறது, மூன்று வாலோடு. கொஞ்சம் தள்ளி ஒரு சீ ஹாக். சூலூரில் பறந்த அதே வகை. அதன் வால்பக்கம் போய்க் கீழே குனிந்து பாருங்கள். கம்பியைப் பிடிக்கும் கொக்கி, கை நீளத்துக்குச் சற்று அதிகமான இரும்புத் தண்டு, நுனியில் வளைந்திருக்கும். வார நாளில் காலை பத்து மணிக்குப் போனால், அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு ஜெட் தரையைத் தொட்டு முழுவேகத்தில் மறுபடியும் எழும்பும் சத்தம் கேட்கலாம்.